காவின் அன்று சொல்லும் சொல்

எங்கள் ஊரில் ஒரு கலியாணம் நிச்சயமானால், பந்தல்காரரையும் சமையல்காரரையும் கண்டு பேசிய கையோடு ஆட்கள் வருவது என் வீட்டுக்குத்தான். தமிழ் சிறப்புப் பட்டம் படித்த டீச்சர் என்பதால் அழைப்பிதழின் வாசகம் பார்க்க வேண்டும், வாழ்த்துப்பா எழுதிக் கொடுக்க வேண்டும். இருபது வருடமாக இந்த வேலை நடக்கிறது. மாப்பிள்ளையின் பெயருக்கு எதுகை கிடைக்காமல் விடிய விடிய விழித்திருந்த நாட்களும் உண்டு.

போன ஓகஸ்ட் விடுமுறையில் என்னிடம் உயர்தரம் படித்த பிள்ளை ஒருத்தி வந்தாள். இப்போது பல்கலைக்கழகத்தில் மூன்றாம் வருடம். அவள் கேட்டது அழைப்பிதழும் இல்லை, வாழ்த்துப்பாவும் இல்லை. கொப்பித் தாளில் இரண்டு பக்கம் எழுதிக் கொண்டு வந்திருந்தாள்.

"டீச்சர், இது நானும் அவரும் கலியாணத்தண்டு ஒருத்தருக்கொருத்தர் சொல்லிக்கிற உறுதிமொழி. கொஞ்சம் நல்ல தமிழாக்கித் தாங்க."

வாசித்தேன். நிலா இருந்தது, கடல் இருந்தது, ஏழு ஜென்மமும் இருந்தது. "ஏழு ஜென்மம் எங்கட அகீதாவுல எங்க புள்ள இருக்கு?" என்றேன். சிரித்தாள். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு ஒன்று சொன்னாள்.

"எங்கட காவின்ல பொண்ணு ஒரு சொல்லும் சொல்ற இல்லயே டீச்சர். வாப்பா சொல்றாரு, மாப்பிள்ளை சொல்றாரு, மௌலவி சொல்றாரு. என்ட கலியாணத்துல எனக்கு மட்டும் வாய் இல்லயா?"

அந்தக் கேள்விக்கு உடனே பதில் சொல்ல எனக்கு வரவில்லை. என்னுடைய காவின் நினைவுக்கு வந்தது. நான் உள் அறையில் இருந்தேன். வாப்பா இரண்டு பேரோடு வாசலில் வந்து நின்று கேட்டார். நான் தலையை அசைத்தேன். மூத்தம்மா குரவையிட்டார். அவ்வளவுதான். ஒன்றும் குறைவாக நடக்கவில்லை. ஆனால் அன்று நான் சொன்ன சொல் எது என்று யாராவது கேட்டால் சொல்வதற்கு என்னிடம் ஒரு சொல்லும் இல்லை.

அந்தப் பிள்ளைக்குப் பதில் சொல்வதற்காக நான் தேடிப் படித்ததையும் ஆலிம்களிடம் கேட்டுத் தெளிந்ததையும்தான் இங்கே எழுதுகிறேன். நான் மார்க்கத் தீர்ப்புச் சொல்ல வரவில்லை. சொற்களைப் பிரித்துப் பார்ப்பது என் தொழில், அதைத்தான் செய்கிறேன்.

உறுதிமொழி எங்கிருந்து வந்தது

பிள்ளைகள் இதைத் திரைப்படத்திலும் கைபேசியிலும் பார்க்கிறார்கள். அதன் வேர் கிறிஸ்தவ தேவாலயத்தில் இருக்கிறது. அங்கே மணமக்கள் இருவரும் வாய் திறந்து சொல்லும் உறுதிமொழிதான் திருமணத்தின் உயிர். ஆங்கிலிக்கன் திருச்சபையின் பொது வழிபாட்டு நூல் 1549இல் வெளிவந்தபோது அந்த வாசகம் ஆங்கிலத்தில் நிலைபெற்றது. நூற்றாண்டுகளாக அரசனும் குடியானவனும் அதே சொற்களைத்தான் குருவானவர் சொல்லச் சொல்லத் திருப்பிச் சொன்னார்கள். அவரவர் தம் சொந்தச் சொல்லில் எழுதிக் கொண்டு வந்து வாசிக்கும் வழக்கம் மேற்கு நாடுகளில் பரவியது கடந்த நூற்றாண்டின் பிற்பகுதியில்தான். ஆகவே அங்கும் இது புதிய வழக்கமே.

நமது நிக்காஹ் வேறு அமைப்புடையது. அது உடன்படிக்கை. அல்குர்ஆன் அந்நிஸா அத்தியாயத்தின் 21ஆம் வசனத்தில் திருமண பந்தத்தை 'மீஸாக்' என்று, அதுவும் உறுதியான மீஸாக் என்று குறிப்பிடுகிறது. அந்த உடன்படிக்கை ஈஜாப், கபூல் என்ற இரண்டு சொற்களால் உண்டாகிறது. பெண்ணின் வலீ மணமுடித்துத் தருவதாகச் சொல்வது ஈஜாப். மாப்பிள்ளை ஏற்றுக்கொள்வதாகச் சொல்வது கபூல்.

இறந்தகாலத்தில் ஓர் ஒப்பந்தம்

இங்கே ஒரு தமிழ் டீச்சரின் கண்ணில் படுகிற விஷயம் ஒன்று உண்டு. வலீ சொல்லும் அரபுச் சொல் 'ஸவ்வஜ்துக'. மாப்பிள்ளை சொல்வது 'கபில்து'. இரண்டும் இறந்தகால வினைகள். தமிழில் சொன்னாலும் "மணமுடித்துத் தந்தேன்", "ஏற்றுக்கொண்டேன்" என்றுதான் சொல்கிறோம். "தருவேன்", "ஏற்பேன்" என்று யாரும் சொல்வதில்லை. சொல்லி முடிக்கும் கணத்தில் காரியமும் முடிந்துவிடுகிறது, அதனால்தான் இறந்தகாலம். எதிர்காலத்தில் சொன்னால் அது வெறும் வாக்குறுதி, ஒப்பந்தம் ஆகாது என்பதாலேயே பிக்ஹு அறிஞர்கள் இந்தச் சொல் வடிவத்தை வற்புறுத்தினார்கள்.

ஈஜாபுக்கும் கபூலுக்கும் இடையில் நீண்ட இடைவெளி வரக்கூடாது என்பதும் ஷாபிஈ மத்ஹபின் விதி. ஆகவே உறுதிமொழி வாசிக்க விரும்புகிறவர்கள் அதை அந்த இரண்டு சொற்களுக்கும் நடுவே கொண்டுபோய்ச் செருகக் கூடாது. நிக்காஹ் முடிந்த பிறகு எவ்வளவு வேண்டுமானாலும் பேசலாம். அந்தப் பிள்ளைக்கு நான் சொன்ன முதல் ஒழுங்கு இதுதான்.

பெண்ணின் சொல் எங்கே?

கன்னிப் பெண்ணிடம் சம்மதம் கேட்க வேண்டும், அவளது மௌனம் சம்மதமாகக் கொள்ளப்படும் என்ற கருத்தில் வரும் ஹதீஸ் நம் எல்லோருக்கும் தெரியும். அதில் நாம் 'மௌனம்' என்ற சொல்லை மட்டும் பிடித்துக்கொண்டோம். 'கேட்க வேண்டும்' என்பதை விட்டுவிட்டோம். வெட்கத்தால் பேச முடியாதவளுக்குத் தரப்பட்ட சலுகை, பேச விரும்புகிறவளின் வாயை மூடும் கட்டளையாக எப்போது மாறியது என்று தெரியவில்லை.

ஆரம்ப காலத்துப் பெண்கள் பேசியிருக்கிறார்கள். கன்ஸா பின்த் கிதாம் (ரழி) என்ற ஸஹாபிப் பெண், தன் விருப்பமில்லாமல் தகப்பனார் மணமுடித்து வைத்ததை நபி (ஸல்) அவர்களிடம் முறையிட்டபோது அந்தத் திருமணம் ரத்தாக்கப்பட்டதை புகாரி பதிவு செய்கிறது. உம்மு ஸுலைம் (ரழி) அவர்களை அபூதல்ஹா பெண் கேட்டு வந்தபோது, அவர் இஸ்லாத்தை ஏற்பதே தன் மஹர் என்று அந்த அம்மையார் தாமே சொன்ன செய்தி நஸாஈயில் இருக்கிறது.

இலங்கையில் நாம் பின்பற்றும் முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டம் 1951ஆம் ஆண்டின் 13ஆம் இலக்கச் சட்டம். பதிவேட்டில் மஹர் எவ்வளவு, கைக்கூலி எவ்வளவு என்றெல்லாம் எழுத இடம் வைத்த அந்தச் சட்டம், மணமகளின் கையொப்பத்தைக் கட்டாயமாக்கவில்லை. மாப்பிள்ளை, வலீ, நிக்காஹ் செய்து வைப்பவர், சாட்சிகள் ஆகியோர் ஒப்பமிடுவார்கள். இதைத் திருத்துவது பற்றி ஆராய 2009இல் குழு நியமிக்கப்பட்டு, 2018இல் அறிக்கையும் கையளிக்கப்பட்டது. அந்த வாதங்களுக்குள் நான் இப்போது போகவில்லை. மகளின் சம்மதத்தை அவள் வாயாலேயே கேட்கவும் அவள் கையாலேயே ஒரு தாளில் எழுதி வாங்கவும் எந்த வாப்பாவையும் எந்தச் சட்டமும் தடுக்கவில்லை என்பதை மட்டும் சொல்கிறேன்.

நிபந்தனை வேறு, வாக்கு வேறு

பிள்ளை கொண்டுவந்த தாளில் "இன்னொரு பெண்ணை மணக்க மாட்டேன்" என்று மாப்பிள்ளை சொல்வதாக ஒரு வரி இருந்தது. இது உறுதிமொழியா, நிபந்தனையா? இரண்டும் ஒன்றல்ல.

நிபந்தனை என்பது ஷர்த். நிக்காஹுக்கு முன்பே இரு தரப்பும் பேசி ஒப்பந்தத்தோடு சேர்த்துக்கொள்வது. நிறைவேற்ற வேண்டிய நிபந்தனைகளில் முதலிடம் திருமண நிபந்தனைகளுக்கே என்ற கருத்துள்ள நபிமொழியை உக்பா பின் ஆமிர் (ரழி) அறிவிக்கிறார். மனைவியை அவளது வீட்டிலேயே வைத்திருப்பதாக ஒப்புக்கொண்டு மணந்த ஒருவர் பின்பு வேறிடத்துக்கு அழைத்துப்போக விரும்பியபோது, கலீபா உமர் (ரழி) அந்தப் பெண்ணின் நிபந்தனைக்குச் சார்பாகவே தீர்ப்பளித்தார்கள். மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வந்து குடியிருக்கும் கிழக்கிலங்கை வழக்கத்தில் பிறந்த நமக்கு இந்தத் தீர்ப்பு அந்நியமாகத் தோன்றாது.

கைரவான் நகரத்துப் பெண்கள் இந்த விஷயத்தில் பேர் போனவர்கள். 762இல் பக்தாத் நகரை நிர்மாணிக்கத் தொடங்கிய அப்பாஸிய கலீபா அபூஜஃபர் அல்மன்ஸூர், கைரவானைச் சேர்ந்த அர்வாவை மணந்தபோது, அவர் இருக்கும்வரை வேறு பெண்ணை மணப்பதில்லை என்று எழுதிக் கொடுத்ததாக வரலாற்றாசிரியர்கள் சொல்வர். பின்னாளில் அதிலிருந்து விடுபட அவர் அறிஞர்களிடம் வழி தேடிப் பார்த்தார், வழி கிடைக்கவில்லை. அர்வா கண்மூடும்வரை அந்த எழுத்து நின்றது. நம் காலத்தில், பாகிஸ்தானின் 1961ஆம் ஆண்டுக் குடும்பச் சட்டத்தின் கீழ் வந்த நிக்காஹ் நாமாவில் 17ஆம் பத்தி விசேட நிபந்தனைகளுக்கும், 18ஆம் பத்தி விவாகரத்து உரிமையை மனைவிக்கு ஒப்படைத்தலுக்கும் ஒதுக்கப்பட்டிருக்கின்றன.

ஆனால் இதைப் படித்துவிட்டு நமது பிள்ளைகள் அவசரப்படக் கூடாது. இவ்வாறான நிபந்தனை கணவனைக் கட்டுப்படுத்தும், மீறினால் மனைவி ஒப்பந்தத்தை முறிக்கக் கோரலாம் என்பது ஹன்பலி மத்ஹபின் நிலைப்பாடு. ஷாபிஈ மத்ஹபில், இரண்டாம் மணம் செய்யாமை, ஊரைவிட்டு அழைத்துப் போகாமை போன்ற நிபந்தனைகள் செல்லாது. நிக்காஹ் மட்டும் செல்லும். நமது நாட்டுச் சட்டமோ தம்பதியர் எந்த மத்ஹபைச் சேர்ந்தவர்களோ அதன்படியே உரிமை கடமைகளைப் பார்க்கிறது. நம்மில் மிகப் பெரும்பாலானோர் ஷாபிஈக்கள். ஆகவே ஒரு தாளில் எழுதி வாங்கிவிட்டோம், காதியாரிடம் காட்டலாம் என்று நம்பியிருப்பது ஏமாற்றத்தில் முடியலாம். சட்டப் பாதுகாப்புத்தான் நோக்கம் என்றால் நிக்காஹுக்கு முன்பே ஓர் ஆலிமிடமும் ஒரு சட்டத்தரணியிடமும் போங்கள். என்னிடம் வராதீர்கள்.

என்னிடம் வரக்கூடியது மூன்றாவது வகை: வாக்கு. அதற்கு நீதிமன்றம் இல்லை. ஆனால் வாக்குறுதி பற்றி விசாரணை உண்டு என்று அல்இஸ்ரா அத்தியாயத்தின் 34ஆம் வசனம் எச்சரிக்கிறது. நபி (ஸல்) அவர்கள் தமது மருமகன் ஒருவரைப் பகிரங்கமாகப் புகழ்ந்தபோது, அவர் தம்மிடம் உண்மை பேசியதையும் கொடுத்த வாக்கை நிறைவேற்றியதையுமே எடுத்துச் சொன்னார்கள். செல்வத்தையோ குலத்தையோ சொல்லவில்லை.

"படிக்க வைப்பம்"

சில வருடங்களுக்கு முன் என் வகுப்பில் நல்ல கெட்டிக்காரப் பிள்ளை ஒருத்தி இருந்தாள். கல்வியியல் கல்லூரிக்குத் தெரிவான நேரத்தில் சம்பந்தம் வந்தது. "படிப்பு நிண்டுடுமோ" என்று உம்மா கேட்டபோது மாப்பிள்ளை வீட்டார் எல்லோரும் ஒரே குரலில் சொன்னார்கள்: "அதப்பத்தி யோசிக்காதீங்க, படிக்க வைப்பம்." அன்று நானும் அந்த விறாந்தையில் இருந்தேன். எனக்கும் சந்தோஷம்.

ஆறு மாதத்தில் படிப்பு நின்றது. உம்மா அழுதுகொண்டு வந்தார். மாப்பிள்ளையைக் கண்டு கேட்டேன். அவர் கோபப்படவில்லை, பொய்யும் சொல்லவில்லை. "நான் எப்ப டீச்சர் சொன்ன? எங்கட மாமாதானே சொன்னாரு," என்றார்.

வீட்டுக்கு வந்து யோசித்துப் பார்த்தேன். அவர் சொன்னது உண்மை. அன்று அவர் ஒரு மூலையில் தலை குனிந்து தேநீர் குடித்துக்கொண்டிருந்தார். வாயைத் திறக்கவே இல்லை. யாரும் அவரைக் கேட்கவும் இல்லை; நானும் கேட்கவில்லை. 'வைப்பம்' என்பது தன்மைப் பன்மை. எல்லோரும் அதற்குள் இருந்தார்கள். அதனால் யாருமே இல்லாமல் போனார்கள். வகுப்பில் தன்மைப் பன்மை வினைமுற்றுக்கு உதாரணம் எழுதும் போதெல்லாம் அந்த விறாந்தைதான் என் கண்ணுக்குள் வரும்.

நமது கலியாணங்களில் வாக்குறுதிகளுக்குப் பஞ்சமில்லை. சீதனம் பேசும்போது, வீடு பேசும்போது, தொழில் பேசும்போது எத்தனையோ வாக்குகள் பறக்கின்றன. அவற்றைச் சொல்பவர்கள் மாமாக்கள், மச்சான்மார், தரகர்கள். காப்பாற்ற வேண்டியவர்களோ பேசாமல் இருக்கும் இரண்டு பேர். வாக்கைக் காப்பாற்ற வேண்டியவரே அதைச் சொல்ல வேண்டும். இந்த ஒரு காரணத்துக்காகவே இளசுகளின் இந்தப் புதிய ஆசையை நான் வரவேற்கிறேன்.

எப்படி எழுதுவது?

அந்தப் பிள்ளையை மாப்பிள்ளையோடும் அவளது உம்மாவோடும் மறுபடி வரச் சொன்னேன். மேசையின் இரு பக்கமும் இருவரையும் இருத்தித் தனித்தனித் தாள் கொடுத்தேன். சொன்னவை இவைதான்.

முதலாவது, வினைமுற்று தன்மை ஒருமையில் முடிய வேண்டும். "செய்வேன்", "செய்ய மாட்டேன்." "பார்த்துக்கொள்ளப்படும்" வேண்டாம். "பாப்பம்" வேண்டவே வேண்டாம்.

இரண்டாவது, நிறைவேறியதா இல்லையா என்று ஒரு வருடம் கழித்துப் பார்க்கக்கூடியதாக இருக்க வேண்டும். "உங்களைக் கண்போல் காப்பேன்" என்பதை எப்படிச் சரிபார்ப்பது? "உங்கள் சம்பளத்தை உங்களைக் கேட்காமல் தொட மாட்டேன்" என்பதைச் சரிபார்க்கலாம்.

மூன்றாவது, அல்லாஹ்வின் மீது சத்தியம் செய்யாதீர்கள். சத்தியத்தை முறித்தால் பத்து ஏழைகளுக்கு உணவளிப்பது போன்ற பரிகாரம் கடமையாகிவிடும். "இன்ஷா அல்லாஹ்" போதும். தலாக் என்ற சொல்லை விளையாட்டுக்கும் பக்கத்தில் கொண்டுவராதீர்கள். "இப்படிச் செய்தால் தலாக்" என்று நிபந்தனையாகச் சொன்னாலும், நிபந்தனை நடந்துவிட்டால் தலாக் நிகழ்ந்துவிடும் என்பதே பெரும்பாலான அறிஞர்களின் கருத்து.

நான்காவது, வீட்டில் பேசும் தமிழிலேயே எழுதுங்கள். கோபம் வந்த நேரத்தில் நினைவுக்கு வருவது அந்தத் தமிழ்தான்.

ஐந்தாவது, நான்கு வரிக்கு மேல் வேண்டாம். நாற்பது வாக்குக் கொடுப்பவர் ஒன்றையும் ஞாபகம் வைத்திருக்க மாட்டார்.

மாப்பிள்ளைக்குக் கட்டாரில் வேலை. அவர் எழுதிய முதல் வரி, "ரெண்டு வருஷத்துல வேலைய விட்டுட்டு ஊரோட வந்திடுவன்." வாசித்த பிள்ளையின் முகம் மலர்ந்தது. நான் கேட்டேன், "மகன், உங்களுக்கு எவ்வளவு கடன் இருக்கு?" அவர் சொன்ன தொகையை இங்கே எழுத வேண்டியதில்லை. இரண்டு வருடத்தில் தீராது என்பது மேசையில் இருந்த நான்கு பேருக்கும் விளங்கிற்று. கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. அவர் அந்த வரியை வெட்டினார். பிள்ளை தலையைக் குனிந்துகொண்டாள். அவளது உம்மா என்னைப் பார்த்த பார்வையில், கலியாண நேரத்தில் இதெல்லாம் தேவையா என்ற கேள்வி இருந்தது. எனக்கும் ஒரு கணம் தேவையில்லாத வேலை செய்துவிட்டேனோ என்று தோன்றியது.

பிறகு அவர் எழுதினார்: "கடன் எவ்வளவு மிச்சம் எண்டு மாசா மாசம் உங்களுக்குச் சொல்லுவன். உங்கட படிப்பு முடியுமட்டும் நான் தடுக்க மாட்டன், வேற ஆக்களையும் தடுக்க விட மாட்டன். திரும்பி வார திகதிய உங்களோட பேசித்தான் முடிவெடுப்பன்."

அவள் எழுதினாள்: "உங்கட உம்மாவ என்ட உம்மாவப் போல பாப்பன் எண்டு சொல்ல மாட்டன், ஆனா கிழமைக்கு ஒருக்காப் போய்ப் பாப்பன். நமக்குள்ள வார சண்டைய முதல்ல உங்கள்ட்டத்தான் சொல்லுவன்."

ஒரு எழுத்துக்கூட நான் திருத்தவில்லை. நல்ல தமிழாக்கித் தரச் சொல்லித்தான் வந்தார்கள். அது நல்ல தமிழாகவே இருந்தது.

எங்கே சொல்வது?

மேடையும் ஒலிவாங்கியும் வேண்டாம் என்று அவர்களே முடிவு செய்தார்கள். பள்ளிவாசலில் நிக்காஹ் வழமைபோல நடந்தது. அதற்கு முன் வாப்பா மகளிடம் வந்து கேட்டபோது, அவள் தலையசைக்காமல் "எனக்குச் சம்மதம் வாப்பா" என்று வாய் திறந்து சொன்னாள். அறையில் இருந்த பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். வாப்பாவின் கண் கலங்கியது. பிறகு மாப்பிள்ளையைப் பெண்ணிடம் கூட்டி வந்தார்கள். அவர் அவளது முன்நெற்றி முடியில் கை வைத்து துஆ ஓதி முடித்ததும், இருவரும் சட்டைப் பையிலும் கைப்பையிலும் இருந்த தாள்களை எடுத்து மெதுவாக வாசித்தார்கள். கேட்டது இரு வீட்டு உம்மாமாரும் நானும்தான். ஒன்றரை நிமிடம் போயிருக்கும். தாள்களை மாற்றிக்கொண்டார்கள், அவர் எழுதியது அவளிடம், அவள் எழுதியது அவரிடம்.

இது சுன்னத்தும் இல்லை, கலியாணத்தின் ஒரு கடமையும் இல்லை. செய்யாதவர்களின் நிக்காஹில் எந்தக் குறையும் கிடையாது. இதை ஒரு புதிய சடங்காக்கி, அதற்கும் ஒரு மேடை, ஒரு அலங்காரம், ஒரு செலவு என்று வந்துவிட்டால் நானே முதல் ஆளாக எதிர்ப்பேன். இருவர் தாம் காப்பாற்றக்கூடியதைத் தாமே யோசித்து, தம் வாயால் சொல்லிக்கொள்வது மட்டும் இருந்தால் போதும்.

வருகிற டிசம்பர் விடுமுறைக்கு இப்போதே இரண்டு வீட்டார் வாழ்த்துப்பா கேட்டு வந்துவிட்டார்கள். எழுதித் தருகிறேன் என்று சொன்னேன். கூடவே, பெண்ணையும் மாப்பிள்ளையையும் ஒருதரம் கூட்டிக்கொண்டு வாருங்கள், ஆளுக்கொரு பேனையும் கொண்டு வரட்டும் என்று சொல்லி அனுப்பியிருக்கிறேன்.